ஜாவாவின் தென்கரைக் கிராமத்தில் நிலமும் வீடும் கடலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மனைவியின் ஊர் இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் தென்கரையில், பங்கந்தாரான் மாவட்டத்தில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு நானும் அங்கேயே தங்கிவிட்டேன். கடற்கரையில் வீடு என்று கேள்விப்பட்டதும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் செய்தி அனுப்பி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. பணம் போடுவதற்கு முன் அந்த ஊர் நோட்டரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஊர் எப்படி இருக்கும்?

பாண்டுங் நகரிலிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரம். ஒரு பக்கம் தென்னந்தோப்பும் வயலும், மறுபக்கம் இந்தியப் பெருங்கடல். எங்கள் கரையிலிருந்து நேர் தெற்கே படகை விட்டால் அண்டார்டிகா வரை குறுக்கே நிலமே கிடையாது. இங்கே அலை ஏன் இப்படி அடிக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. சுற்றுலாக் கூட்டமெல்லாம் பங்கந்தாரான் தீபகற்பத்தோடு நின்றுவிடும். எங்கள் ஊர் அதைத் தாண்டி, பாரிகி பக்கம். சனி ஞாயிறில் நாலு கார் வந்தால் அதுவே கூட்டம்.

பிழைப்பு என்ன? மீன்பிடிப்பு மட்டும்தானா?

இல்லை. பாதிப் பேர் கடல், பாதிப் பேர் தென்னை. ஒரே வீட்டில் அண்ணன் கடலுக்கும் தம்பி மரத்துக்கும் போவதும் உண்டு. இரண்டு பக்கமும் மிதவை கட்டிய ஃபைபர் படகுகளில் விடியும் முன் கிளம்புகிறார்கள். சாவாளை, வாவல், சிங்கி இறால் கிடைக்கும். வாவலை இங்கே பாவால் என்கிறார்கள், எனக்கு மாற்றிச் சொல்லவே தேவைப்படவில்லை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மேற்குக் காற்றுக் காலம். படகுகள் கரையேறிக் கிடக்கும், அடகுக் கடை நிறையும்.

தென்னையில் தேங்காயைவிட பதநீருக்குத்தான் மவுசு. காலையும் மாலையும் மரமேறி இறக்கி, காய்ச்சி, வெல்லமாக்கி விற்கிறார்கள். இடுப்பில் கயிறு கிடையாது, மழையில் மரம் வழுக்கும். பாதுகாப்பு என்றதும் எல்லாரும் சுனாமியைத்தான் கேட்கிறார்கள். கடலில் போனவர்களைவிட மரத்திலிருந்து விழுந்தவர்களைத்தான் எனக்கு அதிகம் தெரியும்.

மீனவரின் கடன் கதை உங்களுக்குத் தெரிந்ததே. எஞ்சினுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே பிடித்த மீன் போகும், விலையும் அவர் சொல்வதுதான். இதே பங்கந்தாரானில் மீன் வியாபாரியாகத் தொடங்கிய சூசி புஜியாஸ்துதி என்ற பெண்மணி, 2014 முதல் 2019 வரை நாட்டின் மீன்வளத் துறை அமைச்சராக இருந்தார். அந்தப் பெருமை ஊருக்கு உண்டு. கடன் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

மொழி தெரியாமல் சமாளிக்கலாமா?

இந்தோனேசிய மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும். கப்பல் இங்கே 'காப்பால்', பெட்டி 'பெத்தி', கடை 'கெடாய்' என்பதால் தமிழருக்கு முதல் வாரமே ஒரு தெம்பு வரும். ஆனால் வீட்டுக்குள்ளே பேசுவது சுண்டா மொழி. யார் வீட்டு முன்னாலாவது கடந்து போகும்போது 'புந்தென்' என்று சொல்லி லேசாகக் குனிய வேண்டும். அவர்கள் 'மங்கா' என்பார்கள். மாங்காய் வேண்டுமா என்று கேட்கிறார்கள் என நினைத்து நான் மூன்று நாள் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டு போனேன். 'போய் வாங்க' என்று அர்த்தமாம்.

வெளிநாட்டவர் அங்கே நிலம் வாங்க முடியுமா?

நம் ஊரில் பட்டா நிலம் என்று நாம் நினைக்கிற அர்த்தத்தில், முடியாது. 1960ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி முழு உரிமை, அதாவது 'ஹாக் மிலிக்', இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டவருக்கு எஞ்சியிருப்பவை மூன்று வழிகள்.

முதலாவது பயன்பாட்டு உரிமை, 'ஹாக் பாக்காய்'. 30 வருடம், நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30 என்று கணக்கு. குடியேற்றத் துறை ஆவணம் வேண்டும். கூடவே வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறார்கள். கிராமத்து ஓட்டு வீடு அந்த விலையை எட்டவே எட்டாது.

இரண்டாவது, கம்பெனி தொடங்கி அதன் பெயரில் கட்டட உரிமை பெறுவது. அதற்கு முதலீட்டுத் திட்டம் 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் இருக்க வேண்டும், அதுவும் நிலம், கட்டடத்தைச் சேர்க்காமல். ஓய்வுகாலத்தில் மீன் பிடித்துக்கொண்டு இருக்கலாம் என்பவருக்கு இது எதற்கு?

மூன்றாவது குத்தகை. 25, 30 வருடத்துக்கு நோட்டரி முன்னால் எழுதிக்கொள்வது. நிலத்தை நடுவில் வேறொருவர் வாங்கினாலும் குத்தகை செல்லும் என்பது சிவில் சட்டம். எனக்குத் தெரிந்து கிராமத்தில் நிம்மதியாக இருக்கும் வெளிநாட்டவர்கள் எல்லாரும் குத்தகைக்காரர்கள்தான்.

நம்பகமான ஊர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிக்கொண்டால் என்ன?

பினாமி. வேண்டாம்.

ஏஜென்ட்டுகள் இதை அழகாகக் கட்டிக் கொடுப்பார்கள்: பத்திரம் அவர் பெயரில், பக்கத்தில் அவர் உங்களிடம் கடன் வாங்கியதாக ஒரு தாள், உங்களுக்கு ஒரு பவர் பத்திரம். வெளிநாட்டவர் கைக்கு நேராகவோ சுற்றிவளைத்தோ நிலம் போய்ச் சேரும்படி செய்கிற எந்த ஏற்பாடும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது என்று அந்த 1960 சட்டத்தின் 26ஆம் பிரிவே சொல்கிறது. 2020இல் உச்ச நீதிமன்றம் கீழ்க் கோர்ட்டுகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையும் தெளிவு: பணம் யாருடையதாக இருந்தாலும், பத்திரத்தில் பெயர் உள்ளவரே சொந்தக்காரர். அந்த ஆள் நல்லவராகவே இருக்கலாம். அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகளும் மருமகன்களும் வருவார்கள் அல்லவா?

மனைவி இந்தோனேசியர் என்றால் பிரச்சினை இல்லையே?

இருக்கிறது, இதைத் தெரிந்துகொள்ளாமல் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதிக்கும் சொத்து இருவருக்கும் பொது. அப்படியானால் மனைவி வாங்கும் நிலத்தில் பாதி வெளிநாட்டவருடையதாகிறது, அது ஆகாது. சொத்து தனித்தனி என்று ஒப்பந்தம் இருந்தால்தான் அவர் ஹாக் மிலிக் வாங்கலாம். முன்பெல்லாம் இந்த ஒப்பந்தம் கல்யாணத்துக்கு முன்பே போட வேண்டும். ஜகார்த்தாவில் ஃபிளாட் வாங்கப் போய் முடியாமல் திரும்பிய ஒரு பெண் தொடுத்த வழக்கில், 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் கல்யாணத்துக்குப் பிறகும் போடலாம் என்று தீர்ப்பளித்தது. எங்கள் ஒப்பந்தம் அந்தத் தீர்ப்பின் புண்ணியத்தில் போட்டதுதான். கையெழுத்துப் போடும்போது மாமனார் முகம் கொஞ்சம் வாடியது. பெண்ணைப் பிரித்துவைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

மனைவி முதலில் காலமாகி நிலம் கணவருக்கு வந்தால், ஒரு வருடத்துக்குள் அதைத் தகுதியுள்ளவருக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் உரிமை போய்விடும்.

பத்திரம் சரியானதுதானா என்று எப்படிப் பார்ப்பது?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். முதலில் அளவு. எங்கள் பக்கத்தில் நிலத்தை 'பாத்தா' கணக்கில் பேசுவார்கள், ஒரு பாத்தா 14 சதுர மீட்டர். நூறு பாத்தா என்று கேட்டு மயங்க வேண்டாம், அது ஏறக்குறைய 35 சென்ட்தான்.

அடுத்தது தாள். தேசிய நில அலுவலகம் கொடுத்த சான்றிதழ் இருந்தால் அதை அங்கேயே சரிபார்க்கலாம். 2017 முதல் கிராமம் கிராமமாக அளந்து சான்றிதழ் கொடுக்கிறார்கள். ஆனாலும் பல குடும்பங்களிடம் இருப்பது பழைய வரிக் காகிதம், அல்லது கிராம அலுவலகத்து 'லெட்டர் சே' புத்தகத்தில் ஒரு வரி. தாத்தா வரி கட்டினார் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவே. 2021 பிப்ரவரி 2இல் அமலான அரசு விதி, இந்தப் பழைய காகிதக்காரர்கள் ஐந்து வருடத்துக்குள் பதிவு செய்துகொள்ளக் கெடு வைத்தது. அதாவது 2026 பிப்ரவரி 2. அதன்பின் நிலம் ஒன்றும் பறிபோகாது, ஆனால் அந்தக் காகிதம் உரிமைச் சான்று இல்லை, ஒரு துப்பு மட்டும்.

வெறும் ரசீதில் பத்தாயிரம் ரூபியா ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு நிலம் கைமாறுவதும் சகஜம். முறைப்படி நிலப் பத்திர அதிகாரி முன்னால் கிரயம் எழுத வேண்டும். வாங்குபவருக்கு 5 சதவீத வரி, விற்பவருக்கு 2.5 சதவீதம். அந்த வரிக்குப் பயந்துதான் ரசீதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மூன்றாவது, அக்கம்பக்கம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தென்னந்தோப்பை மனைவியின் மாமா ஒருவர் வாங்கினார். தாளெல்லாம் சரி. விற்றவருக்கு ஒரு தங்கை இருந்தார், சவூதியில் வீட்டு வேலை. அவர் கையெழுத்து இல்லை. ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் மாமா யாரிடமும் கேட்கவில்லை. தங்கை திரும்பி வந்ததும் கிராமத் தலைவர் வீட்டில் மூன்று இரவு பஞ்சாயத்து. கடைசியில் மாமா அவர் பங்குக்கு இன்னொரு முறை பணம் கொடுத்தார்.

ஆகவே தோப்பின் நாலு பக்கமும் இருப்பவர்களோடு உட்கார்ந்து காபி குடியுங்கள். அளக்க வரும்போது எல்லைக்கு அவர்கள் ஒப்புதலும் வேண்டும், இது சடங்கு இல்லை, விதி. எல்லையில் சிவப்பு இலையுள்ள ஒரு செடி வரிசையாக நிற்கும், 'ஹன்ஜுவாங்' என்பார்கள். அழகுக்கு வைத்ததாக நினைத்து வெட்டிவிடாதீர்கள். அதுதான் எல்லைக்கல்.

இன்னொன்று, வயல் ஒத்தியில் இருக்கலாம். பணம் வாங்கிக்கொண்டு நிலத்தைக் கொடுத்து, திருப்பும்வரை பணம் கொடுத்தவரே விளைவித்துக்கொள்வது. நம் ஒத்தியேதான், இங்கே 'கடாய்'. ஏழு வருடம் ஆன ஒத்தியை மீட்புப் பணம் இல்லாமலே திருப்ப வேண்டும் என்று 1960லேயே சட்டம் வந்துவிட்டது. அதைச் சொல்லி நிலத்தைக் கேட்ட ஒருவரையும் நான் பார்க்கவில்லை. கேட்டால் அடுத்த முறை யார் பணம் கொடுப்பார்?

அலை தொடும் தூரத்தில் வீடு கட்ட ஆசை. முடியுமா?

கடல்நீர் அதிகபட்சமாக ஏறும் உச்ச ஓதக் கோட்டிலிருந்து குறைந்தது 100 மீட்டர் கரையோரப் பாதுகாப்பு எல்லை. அதற்குள் கட்டிய சாப்பாட்டுக் கடைகளை நீங்கள் காட்டலாம். அவை இருக்கும்வரை இருக்கும். மணல் ஒதுங்கிப் புதிதாக உண்டான நிலம் என்று மலிவாகக் காட்டுவார்கள். அது அரசு நிலம், விற்பவருக்கு அதில் எதுவும் இல்லை.

கடல் நிலத்தை ஒதுக்குவது போலவே விழுங்கவும் செய்யும். வடகரையில் டெமாக் மாவட்டத்தின் திம்புல்ஸ்லோக்கோ என்ற ஊரைத் தேடிப் பாருங்கள். ஒரு காலத்தில் நெல் விளைந்த இடம். நிலம் அமிழ்ந்து, கடல் ஏறி, இப்போது வீட்டுக்கு வீடு மரப்பாலத்தில் நடக்கிறார்கள். தரையை உயர்த்தி உயர்த்திக் கூரை தலையில் இடிக்கிறது. நிலம் அழிந்தால் அதன்மீதான உரிமையும் முடிந்தது என்பது நிலச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. சான்றிதழ் பெட்டியில் பத்திரமாக இருக்கும், நிலம் மட்டும் தண்ணீருக்குள்.

நேர் எதிரான கூத்து 2025 ஜனவரியில் ஜகார்த்தாவுக்குப் பக்கத்தில் தாங்கெராங் கரையில் வெளிப்பட்டது. கடலுக்குள் 30 கிலோமீட்டர் நீளத்துக்கு மூங்கில் வேலி. விசாரித்தால் அந்தப் பகுதிக் கடலுக்கே 263 கட்டட உரிமைச் சான்றிதழும் 17 ஹாக் மிலிக்கும் கொடுத்திருக்கிறார்கள். மீனவர்கள் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். பல சான்றிதழ்கள் பிறகு ரத்தாயின. தாளை மட்டும் நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

திருட்டு பயம் உண்டா?

குறைவு. ஆனால் படகு எஞ்சினும் மோட்டார் சைக்கிளும் காணாமல் போயிருக்கின்றன. வீட்டுக்கு ஓர் ஆள் முறைவைத்து இரவுக் காவல் சுற்றுவார்கள், 'ரொண்டா'. தெருமுனைக் கொட்டகையில் குடைந்த மரக்கட்டை ஒன்று தொங்கும். அதை விடாமல் தட்டினால் ஆபத்து என்று அர்த்தம். சுற்றி வரும்போதே வீட்டு வாசலில் தொங்கும் மூங்கில் குவளையிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்துப்போவது சுண்டா வழக்கம், சேர்ந்த அரிசி இல்லாதவர் வீட்டுக்குப் போகும். என் முறை வரும் இரவு பாதி நேரம் சீட்டாட்டம்தான். இருந்தாலும் புதிய முகம் ஒன்று தெருவில் நுழைந்தால் காலைக்குள் ஊருக்கே தெரியும்.

வெளியாள் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெருத் தலைவரிடம் சொல்ல வேண்டும். அவரை எல்லாரும் 'பா எர்தே' என்பார்கள்.

எனக்குப் பயம் திருடனைப் பார்த்து இல்லை. 'மாலிங்', திருடன், என்று யாராவது கத்தினால் கூடும் கூட்டத்தைப் பார்த்துத்தான். போலீஸ் வருவதற்குள் அடித்துக் கொன்ற சம்பவங்கள் இந்நாட்டில் உண்டு. சந்தேகம் வந்தால் அந்த வார்த்தையைக் கத்தாதீர்கள், தெருத் தலைவரைக் கூப்பிடுங்கள்.

சுனாமி வந்தால்?

வந்திருக்கிறது. 2006 ஜூலை 17, திங்கட்கிழமை பிற்பகல். நிலநடுக்கத்தின் அளவு 7.7, ஆனால் கரையில் பலர் அதிர்வை உணரவே இல்லை. உணர்ந்தவர்களும் லேசாக ஆடியது என்றுதான் சொல்கிறார்கள். மெதுவாக உடையும் வகை நிலநடுக்கம் அது. ஆட்டம் சின்னது, அலை பெரியது. கிழக்கே நுசாகம்பாங்கன் தீவில் ஓரிடத்தில் தண்ணீர் 20 மீட்டர் உயரம் ஏறியது. தென்கரை முழுக்க 600 பேருக்கு மேல் இறந்தார்கள். நாகப்பட்டினத்தை அழித்த சுமத்ரா அலைக்கு இரண்டு வருடம்கூட ஆகவில்லை, இருந்தும் இந்தக் கரையில் எச்சரிக்கும் சைரன் இல்லை. வெளிநாட்டு மையங்கள் கொடுத்த எச்சரிக்கை கரைக்கு வந்து சேரவில்லை. என் மனைவி அப்போது பள்ளிச் சிறுமி. கடல் பின்வாங்கியதைப் பார்த்த யாரோ ஒருவர் கத்திக்கொண்டே ஓடியதால் அவர்கள் தெரு பிழைத்தது.

நாட்டின் எச்சரிக்கை அமைப்பு 2008 நவம்பரில் தொடங்கியது. இப்போது சில நிமிடங்களில் போனுக்குத் தகவல் வருகிறது. நல்லதுதான். ஆனால் 2018 டிசம்பர் 22 இரவு அனாக் கிரகத்தோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து எழுந்த அலைக்கு முன்னால் நிலநடுக்கமே இல்லை, எச்சரிக்கையும் இல்லை. 400 பேருக்கு மேல் போனார்கள். அதனால் போனை எதிர்பார்த்து உட்கார வேண்டாம்.

பேரிடர் துறை சொல்லித்தரும் கணக்கு இருபது இருபது இருபது. 20 விநாடி ஆடினால், 20 நிமிடத்துக்குள் அலை வரலாம், 20 மீட்டர் உயரத்துக்குப் போ. இதில் எவ்வளவு பலமாக ஆடியது என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். தொட்டில் மாதிரி மெல்ல ஆடினாலும், நீண்டு ஆடினால் கிளம்ப வேண்டும். வடமேற்கே சுமத்ரா பக்கம் சிமலூ தீவில் 1907 அலையை 'ஸ்மோங்' என்று பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004இல் எழுபதாயிரத்துக்கு மேல் மக்கள் இருந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டும். சைரன் இல்லை, பாட்டு இருந்தது.

எங்கள் வீட்டில் வழக்கம் இது: சாவி கதவிலேயே, சான்றிதழ் ஒரு பிளாஸ்டிக் பையில், மோட்டார் சைக்கிள் மலைப்பக்கம் பார்த்து. முதல் அலை போனதும் இறங்கி மீன் பொறுக்கப் போகக் கூடாது என்பது மாமியாரின் தனிச்சட்டம். 2006இல் அப்படிப் போனவர்களை அவருக்குத் தெரியும்.

கடலில் குளிக்கலாமா?

இடம் பார்த்து. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் பட்டை இருக்கிறதே, அதுதான் இழுப்பு. அங்கே இறங்காதீர்கள். இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல் பக்கவாட்டில் நீந்துங்கள். பச்சை உடுத்தினால் தென்கடல் ராணி ஞாயி ரோரோ கிடுல் அழைத்துக்கொள்வாள் என்பார்கள். நம்பிக்கையை விடுங்கள், கலங்கிய பச்சைத் தண்ணீரில் பச்சைச் சட்டை கண்ணில் படாது. தேடுபவனுக்கு அது பெரிய விஷயம்.

கரண்ட், தண்ணீர், ஆஸ்பத்திரி?

கரண்ட் ப்ரீபெய்டு. கடையில் 20 இலக்க எண் வாங்கி மீட்டரில் அடிக்க வேண்டும், தீரப்போனால் மீட்டர் கத்தும். நடுராத்திரியில்தான் கத்தும். கிணறு கடலோரத்தில் கோடையில் உப்புக் கரிக்கும், குடிக்க 19 லிட்டர் கேன். சமையலுக்கு 3 கிலோ பச்சை சிலிண்டர், 'மெலோன்'. அது மானிய விலை, ஏழைகளுக்கானது.

ஆரம்ப சுகாதார நிலையமும் கிராம மருத்துவச்சியும் உண்டு. பெரிய வைத்தியத்துக்குத் தூரம் போக வேண்டும். இதய நோய் உள்ளவர் இங்கே நிரந்தரமாகத் தங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். பாம்புக்கடிக்கு உள்நாட்டில் தயாராகும் மருந்து நாகம், கட்டுவிரியன் இனத்தில் ஒன்று, மலாய்க் குழிவிரியன் ஆகிய மூன்றுக்குத்தான். பச்சை மரவிரியனுக்கு இல்லை. தோப்புக்குள் நடக்கும்போது காலணி போடுங்கள்.

ஊரோடு ஒட்டிக்கொள்ள என்ன செய்ய வேண்டும்?

கூப்பிட்ட இடத்துக்குப் போக வேண்டும். கல்யாணத்துக்குக் கவர், சாவு வீட்டுக்கு ஏழு இரவு, ஞாயிறு காலை சாக்கடை தூர்வார மண்வெட்டி. வேற்று மதம் என்பதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. சாவு வீட்டில் வாசலில் உட்கார்ந்திருந்தாலே போதும், காபி வரும். வீட்டுச் செலவில் இந்தக் கவர்கள் எங்களுக்குக் கரண்ட் பில்லைவிட அதிகம்.

வந்து பார்க்க ஆசை. எப்போது வரலாம்?

நோன்புப் பெருநாள் வாரத்தைத் தவிருங்கள், ஆறு மணி நேரப் பாதை பதினைந்தாகும். முஹர்ரம் மாதத்தில் வந்தால் கடலுக்குப் படையல் விடும் விழா பார்க்கலாம். வந்த அன்று மாலையே பாஸ்போர்ட் நகலும் ஏதாவது தின்பண்டமும் எடுத்துக்கொண்டு பா எர்தே வீட்டுக்குப் போவோம். எந்த வீட்டில், எந்த அறையில் படுப்பீர்கள் என்று கேட்டு ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொள்வார். துருவித் துருவிக் கேட்கிறாரே என்று நினைக்க வேண்டாம். மலையேறி ஓடும் இரவில் அவர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் தலை எண்ணுவார்.